எங்கள் வீட்டில் காப்பி குடித்த எம்.எல்.ஏ.

ஜவ்வாது வாசனை முதலில் வரும், எம்.எல்.ஏ. பின்னால் வருவார். கரித்தூளும் கருவாடும் மணக்கிற எங்கள் ராயபுரம் சந்தில் அது வேறு யாருடைய வாசனையாகவும் இருக்க முடியாது. என் தங்கையின் ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக நின்றவர் என்பதால், அவர் 'வூட்டுக்கு' வந்தால் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. இருக்கிற ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போடுவாள்.

சீனச் சண்டை முடிந்திருந்த சமயம் அது. கம்யூனிஸ்டு என்று பேர் விழுந்தவர்களையெல்லாம் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது. எங்கள் தொகுதியில் யார் யார் என்று அடையாளம் சொல்லும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டிருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அப்பா இன்னும் திரும்பாத ஒரு மாலையில் வந்து, காப்பியை ஆற்றியபடியே, "வேலை முடிஞ்சு எங்கம்மா போறான் உன் புருசன்?" என்று கேட்டார்.

மதுவிலக்குக் காலம். எங்கள் சந்தில் புருஷனைப் பற்றி யாராவது விசாரித்தால் அது கள்ளச்சாராயத்துக்காகத்தான் இருக்கும். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்கோ! எங்க வூட்டுக்காரரு அத்தத் தொட்டதே கெடையாது. தெனம் சங்கத்து ரூம்லதான் குந்திகினு இருப்பாரு. செவப்புக் கொடி கூட்டம்னா இவருதான் ஆள் சேக்கணும்" என்று, பாவி, மூச்சு விடாமல் பெருமை பேசினாள். அவர் "நல்லது, நல்லது" என்று சொல்லி, தங்கையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா சொன்ன அதே வார்த்தைகளை அங்கே ஒரு அதிகாரி திருப்பிச் சொன்னாராம். சிறையிலிருந்து வந்தவரைத் துறைமுகத்தில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மாவை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை; திட்டித் தொலைத்திருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். குடிக்க மட்டும் ஆரம்பித்தார்.

இன்று அந்தச் சந்தும் இல்லை, சங்கத்து அறையும் இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. எம்.எல்.ஏ.வின் பெயரைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரென்றே தெரியவில்லை. அம்மாவும் போன வருஷம் போய்விட்டாள். கடைசியில் எல்லாம் மறந்துபோய், என்னையே யாரென்று கேட்டாள். அப்பா காசிமேட்டுக் கல்லறைக்குப் போய் எத்தனையோ வருஷமாகியிருந்தது. அது தெரியாத நர்ஸ் பெண் பேச்சுவாக்கில், "உங்க வூட்டுக்காரர் எங்கே போயிருக்கார் ஆயா?" என்று கேட்டதும், அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."