வைர ஊசி இறங்கும் ஆழம்

ஷா மின்யுவுக்கு நாற்பத்தாறு வயது. பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்றவள். ஆனாலும் லான்சோ நகர ஆய்வகத்தின் தலைவர் டோங்குக்கு அவள் இன்னும் "சின்ன ஷா"தான். ஒப்பந்த வேலை; ஆண்டுதோறும் அவர் கையெழுத்திட்டால் உண்டு.

அணுக்கழிவை உருகிய கண்ணாடியில் கலந்து உறைய வைத்து மலைக்கடியில் புதைப்பார்கள். உள்ளிருக்கும் கதிர்வீச்சு அந்தக் கண்ணாடியை ஆயிரம் ஆண்டில் என்ன செய்யும் என்று காத்திருந்து பார்க்க ஆளில்லை. அதனால் கழிவு கலக்காத கண்ணாடித் துண்டின் மீது அயனிக் கற்றையைப் பாய்ச்சி, அந்தச் சேதத்தைச் சில நாளிலேயே உண்டாக்குவார்கள். பிறகு வைர ஊசியால் அழுத்திக் கடினம் பார்ப்பது மின்யுவின் வேலை.

அவள் அழுத்தியபோது கடினம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம்பாமல் தானே திரும்பவும் அழுத்தினாள். அதேதான். டோங் வேறொருவரை அழுத்தச் சொன்னார். மாற்றமே இல்லை என்று வந்தது.

"பார்த்தியா சின்ன ஷா, இளகினது உன் கை. கண்ணாடி இல்ல."

"கற்றை மேல்தோலை மட்டுந்தான் தொட்டிருக்கு சார். உங்காளு ஊசியை அதுக்கும் கீழே இறக்கி, அடிபடாத கண்ணாடியை அழுத்தியிருக்கார். நோயாளியை விட்டுட்டுக் கட்டிலோட நாடியைப் பிடிச்சுப் பார்த்து, 'நல்லாயிருக்கான்'னு சொல்றீங்க."

பக்கத்து மேசையிலிருந்த சக ஊழியர் பாவ் இருமிச் சிரிப்பை மறைத்தார்.

"'இளகுது'ன்னு எழுதினா மலைப்பக்கத்து ஜனங்க நம்மளைச் சும்மா விடுவாங்களா?" என்றார் டோங். "வியாழக்கிழமை மேலிடத்துக் குழு வருது. ஆழமா அழுத்தின முடிவுதான் போகும். நீயும் கையெழுத்துப் போடு. இல்லேன்னா உன் ஒப்பந்தத்துல நான் போடமாட்டேன்."

"இளகினா கெட்டதுன்னு யார் சொன்னா? கற்றை படுறதுக்கு முன்னாடி, ஊசி பதிஞ்ச குழியோட மூலையிலேருந்து விரிசல் ஓடும். இப்ப ஓடல. ஒரு அளவுக்கு மேல இளகாம நின்னும்போகுது. பயத்துல நல்ல சேதியையும் சேர்த்துப் புதைக்கிறீங்க."

"புதைக்கிறதுதானே சார் நம்ம தொழிலே," என்றார் பாவ்.

"நீ வாயை மூடு."

மின்யு கையெழுத்திடவில்லை. குழு வந்த அன்று அவளை அழைக்கவும் இல்லை. அவளாகவே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். 'மாற்றமில்லை' என்று டோங் வாசித்ததும் எழுந்தாள்.

"அது அடியில இருக்கிற கண்ணாடியோட முடிவு. அடிபட்டது இளகியிருக்கு. நான் அழுத்திப் பார்த்தேன்."

குழுவில் மூத்தவர் டோங்கைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு ஆழம் இறக்கினீங்க?"

டோங் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்தார், மூடினார். எல்லாத் துண்டுகளையும் கற்றை பட்ட மேல்தோல் ஆழத்துக்குள்ளேயே மறுபடி அழுத்த வேண்டும் என்று முடிவானது. யார் அழுத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பாராட்டும் இல்லை, அவள் எழுந்ததும் அதற்காக இல்லை.

மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிந்தது. டோங் சொன்னபடியே புதியதில் கையெழுத்திடவில்லை. மறுநாள் காலை ஊசிக்கு முன்னால் மின்யு உட்கார்ந்திருந்தாள்.

"உன் ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சு."

"வேலை முடியல சார். பூட்டணும்னா என்னை உள்ளே வச்சே பூட்டுங்க."

டோங் சாவியோடு வாசலில் நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் அடுத்த துண்டை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.