பிளக்கைக் கழற்றியும் கத்திய அம்ப்ளிஃபையர்

வீட்டில் படம் பார்க்கவென்று ஆசையாக ஓர் அம்ப்ளிஃபையர் வாங்கினேன். பாதி டிரான்சிஸ்டர், பாதி பழைய காலத்துக் கண்ணாடி வால்வு. "அந்தக் கண்ணாடி ஒருநாள் வெடிக்கும், பாருங்கோ" என்றாள் மனைவி.

முதல் ஞாயிறு மாலையே, படத்தின் நடுவில் 'பூஊம்' என்றொரு முழக்கம். சத்தத்தைக் குறைத்தேன், மறுபடியும் முழங்கியது. வால்வுகள் செக்கச்செவேலென்று எரிந்தன. அவை எப்போதும் அப்படித்தான் எரியும் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. மனைவியை முற்றத்துக்கு விரட்டிவிட்டு, அதை விற்ற கடைக்கார நானாவுக்கு போன் எடுத்தேன்.

"நானா, வெடிக்கப் போகுது!"

"பதறாதீங்க தம்பி. பிளக்கைக் கழட்டுங்க."

"கழட்டிட்டன். இன்னும் கத்துது!"

"தம்பி, நான் உங்கட வீட்டுக்குத் தூர, பாலையூற்றுல நிக்கிறன். எனக்கும் கேக்குது. துறைமுகத்துல கப்பல் ஊதுது."

நாற்பத்தெட்டு வருடமாகத் திருகோணமலையில் கேட்ட ஊதல்! உயிர் திரும்பிக் கதிரையில் விழுந்தேன்.

முற்றத்திலிருந்து மனைவி கேட்டாள்: "நான் உள்ள வரலாமோ, இல்லாட்டிக் கப்பல் போகுமட்டும் இஞ்சயே நிக்கவோ?"

இன்றுவரை அவள் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் அந்தப் பதற்றத்திலும் அம்ப்ளிஃபையரை விட்டுவிட்டு முதலில் அவளைத்தான் வெளியே அனுப்பினேன் என்பதை மட்டும் அவள் ஒருபோதும் கேலி செய்ததில்லை.