உழுந்துக்குள் விழுந்த விதைகள்

மரியரட்ணம் பயந்த மனிதர். பயத்தை ஒளித்துவைக்கவும் தெரியாதவர். பஸ்ஸில் சாரதி கேட்காவிட்டாலும் பஸ் மாறுவதற்கான ட்ரான்ஸ்ஃபர் துண்டைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொண்டுதான் நிற்பார். யாராவது கதவைத் தட்டினால் முதல் வேலையாக லைட்டை அணைப்பார். வீட்டுச் சொந்தக்காரி கமலாம்பிகைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காவிட்டால் பொழுது போகாது. "அண்ணை, வந்தது பீட்சாக்காரன். வெளியால வாங்கோ" என்பாள்.

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் அவளுடைய வீட்டு பேஸ்மென்றில் அவர் வாடகைக்கு இருந்தார். மனைவி றோஸ்மேரியும் மகள் ஸ்டெபனியும் மன்னாரில். மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது புறப்பட்டவர். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் நடந்துகொண்டிருந்தது. "வேலையை மட்டும் விட்டிடாதேங்கோ" என்று லோயர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். மரியரட்ணத்துக்கு அது தினமும் கண்விழிக்கும்போது காதில் கேட்டது.

வேலை ஒரு கல்லூரியின் கிறீன்ஹவுஸில். தண்ணீர் ஊற்றுவது, மண் கலப்பது, சட்டி கழுவுவது. மேலாளர் மார்ஜரி றிச்மண்ட் ஹில்லிலிருந்து கார் ஓட்டி வரும் உயரமான வெள்ளைக்காரப் பெண். நல்லவர்தான். ஆனால் நல்லவர்களிடம்தான் வேலை பறிபோகும் என்பது மரியரட்ணத்தின் கணக்கு. கெட்டவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாமாம்.

அந்தக் குளிர்காலத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு சின்னக் கடித உறை நிறைய விதை வந்தது. வேல மரத்தின் சாதியில் ஒரு புதர். வறண்ட நாட்டுப் பக்கம், வேலியோரத்திலும் வீதியோரத்திலும் மிஞ்சியிருக்கிறதாம்; மிச்ச இடமெல்லாம் கோதுமைக்கு உழுதாகிவிட்டதாம். மன்னாரில் உடை மரத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதைக் கேட்க வேடிக்கையாக இருந்தது. உடையை வெட்டி வேலி அடைப்பார்கள், ஆட்டுக்குக் காய் உலுப்பிப் போடுவார்கள். அதன் சாதிக்காரன் ஒருவன் விமானமேறி வந்து கண்ணாடி வீட்டில் சீராட்டப்படுகிறான்.

மார்ஜரி பொறுமையாக விளக்கினார். விதை கறுப்பாக மினுங்கும். ஒரு நுனியில் வெளிறிய சின்ன வால். அது எறும்புக்கான தீனி. எறும்பு இழுத்துக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கும். தோல் அவ்வளவு கெட்டி. காட்டுத்தீயின் சூடு படும்வரை வருடக்கணக்காக மண்ணுக்குள் சும்மா கிடக்கும். இங்கே தீ வைக்க முடியாது, ஆகவே கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ஊறவிட வேண்டும். முளைத்ததும் முதலில் இறகு மாதிரி இலை வரும். வளர வளர இறகு போய், காம்பே தட்டையாகி இலை வேலையைப் பார்க்கும். "முதல் இறகைக் கண்டவுடன் என்னைக் கூப்பிடு" என்றார். விதை எதுவும் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றும் சொன்னார்.

தொண்ணூற்றொன்பது ஜனவரி. ரொறன்ரோவில் பனி அள்ளுவதற்கு ஆமியைக் கூப்பிட்ட வருடம். மார்ஜரியின் கார் வீட்டு வாசலிலேயே புதைந்துவிட்டது. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தவர் மரியரட்ணம் ஒருவர்தான். வந்தார், விதைக்குச் சுடுதண்ணீர் ஊற்றினார். பின்னேரம் சூடாக்கி நின்றுவிட்டது. கண்ணாடியின் உட்புறம் பனி பூக்கத் தொடங்கியது. பராமரிப்புக்காரர்களிடம் நேரில் போய்க் கையைக் காட்டி அறிவித்தார்; ஆள் வருவான் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

மார்ஜரிக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். நம்பர் சுவரில்தான் ஒட்டியிருந்தது. ஆனால் போனில் ஆங்கிலம் பேச வேண்டுமே. சூடாக்கி நின்றது உன்னால்தானா என்று கேட்டால் என்ன சொல்வது? விதை குளிரில் செத்தால் பழி யார் தலையில் விழும்? மனிதர் யோசித்து யோசித்துக் கடைசியில் விதைகளை ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஜக்கெற்றுக்குள் திணித்துக்கொண்டு, திருடனைப்போல வீட்டுக்கு நடந்தார். அன்றிரவே ஆள் வந்து சூடாக்கியைத் திருத்திவிட்டான். அது அவருக்குத் தெரியாது.

பேஸ்மென்ற் குளிர். மேலே சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் இளஞ்சூடு இருந்தது. விதைகளை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு அங்கே வைத்துவிட்டுப் படுத்தார். அடுத்த நாள் தைப்பொங்கல் என்பது கிறிஸ்தவ வேதக்காரரான அவருடைய நினைவில் இல்லை.

காலையில் மிக்சி சத்தம் கேட்டுத்தான் எழும்பினார். படியேறி வந்தால் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கமலாம்பிகை வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, இதில ஒரு கோப்பை இருந்ததே?"

"ஓம் அண்ணை. மிச்ச உழுந்தை என்ர மனுசன் அதுக்க ஊறப்போட்டவராக்கும் எண்டு நான் இதோட கொட்டிட்டன். ஏன்?"

மரியரட்ணம் எட்டி மிக்சியை நிறுத்தினார். "அது உழுந்தில்லைத் தங்கச்சி, வேலையிடத்து விதை" என்றார். தோலோடு ஊறிய உழுந்தும் ஊறிய அந்த விதையும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அரைவாசி அரைபட்டுவிட்டது. மற்ற அரைவாசி பாத்திரத்தில், தோல் போகட்டும் என்று அவள் உரஞ்சிய உரஞ்சலில் வாலெல்லாம் கழன்று கிடந்தது.

"உது என்ன விதை அண்ணை? நஞ்சோ?"

"தெரியேல்லை."

அவள் முகம் மாறியது. அரைத்த மாவைக் குப்பையில் கொட்டினாள். அந்த வீட்டில் அந்தப் பொங்கலுக்கு வடை இல்லை. ஆனால் ஒரு வார்த்தை ஏசாமல் அவருக்கு எதிரே உட்கார்ந்து, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு தெரிந்ததையெல்லாம் உழுந்தென்று தள்ளினாள். அதற்குப் பிறகும் இதுவா அதுவா என்று சொல்ல முடியாதவை ஒரு பிடி மிஞ்சின. மரியரட்ணம் அவசரத்தில் தட்டிவிட்டதில் பாதி மேசைக்கடியில் உருண்டது. அவள்தான் குனிந்து பொறுக்கினாள்.

அந்த ஒரு பிடியையும் கொண்டுபோய், சட்டிக்கு இரண்டு மூன்றாக ஊன்றினார். சட்டிகளில் மார்ஜரி எழுதிய பெயர் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த வாரமே முளை வந்தது. வளைந்த கழுத்து நிமிர்ந்து, ஒடுங்கிய இரண்டு இலை விரிந்தது. சந்தேகமில்லாத உழுந்து. ஊர் பேர் தெரியாத அபூர்வச் செடியின் சட்டியில் வடைக்கான உழுந்து செழித்து நின்றது. மார்ஜரி வருவதற்குள் பிடுங்கிப் பொக்கற்றுக்குள் போட்டார். மறுநாளும் பிடுங்கினார். "இன்னும் ஒன்றும் வரவில்லையா?" என்று மார்ஜரி கேட்பார். "இல்லை மிஸ்" என்பார். றோஸ்மேரி போனில் சுகம் கேட்டால் பனியைப் பற்றியே பேசினார். மகளுடன் பேசாமலே ஒருமுறை வைத்துவிட்டார்.

பயம் கூடக்கூட அவசரமும் கூடியது. முதலில் இலை விரியும்வரை பொறுத்தவர், பிறகு கழுத்து வெளியே தெரிந்ததுமே பிடுங்கத் தொடங்கினார்.

அப்படி ஒரு காலையில் பிடுங்கிய முளையின் பருப்பு கொஞ்சம் தடிப்பாக இருந்தது. நகத்தால் பிரித்தார். இரண்டு பருப்புக்கும் நடுவே, மடித்து வைத்த இறகு ஒன்று இருந்தது. வேர் பாதியில் அறுந்திருந்தது.

அவர் அசையவில்லை. ஓடிப்போய் மண்ணில் குத்தவும் தோன்றவில்லை. மார்ஜரி பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தபோது, உள்ளங்கையை நீட்டியபடியே நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் அதற்கு வெகு நேரம் பிடித்தது. வடை என்றால் என்னவென்றும் சொல்ல வேண்டி வந்தது. உப்புப் போட்ட டோனட் என்றார். மார்ஜரி சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்த வாளி ஒன்றில் உட்கார்ந்தார்.

"ஏன் எனக்குப் போன் பண்ணவில்லை?"

"பயம் மிஸ்."

"யாரிடம்?"

"உங்களிடம்."

மார்ஜரியின் முகம் சிவந்தது. எழுந்து அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ போனில் பேசினார். மரியரட்ணம் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியையும் ஜக்கெற்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வேலை போய்விட்டது, றோஸ்மேரிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

மார்ஜரி வெளியே வந்தார். "சூடாக்கி நின்றதில் பெரும்பாலானவை போய்விட்டன என்று மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறேன். மிச்சச் சட்டிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றுகிறேன். நீ பார்க்கலாம். தொடக்கூடாது."

இரண்டு வாரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு சட்டியில் ஒரு இறகு வந்தது. மார்ஜரியைக் கூப்பிட்டார், கைகளைப் பின்னால் வைத்தபடியே.

அந்த வருடக் கடைசியில் றோஸ்மேரியும் ஸ்டெபனியும் வந்து இறங்கினார்கள். முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரையும் கிறீன்ஹவுஸுக்குக் கூட்டிப்போனார். புதர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அடியில் இரண்டொரு இறகு மிச்சம், மேலே எல்லாம் தட்டைக் காம்பு. "இந்தச் சாதியில இந்த நாட்டிலேயே இது ஒண்டுதானாம்" என்று றோஸ்மேரிக்குப் பெருமையோடு காட்டினார். ஸ்டெபனி அடியில் இருந்த இறகை நோக்கி ஒரு விரலை நீட்டினாள்.

"தொடாதை" என்று கத்தினார். கண்ணாடி அதிர்கிற கத்தல்.

பிள்ளை விரலை இழுத்துத் தாயின் பின்னால் ஒளிந்தது. அங்கிருந்து எட்டி அவரைப் பார்த்தது. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். மன்னாரில், சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, சிப்பாயின் முகத்தை அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.