விசாரிக்க வந்தவர்

திருச்செங்கோடு பக்கம் எங்கள் தெருமுனையில் இருபது வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பெண் கொடுக்க நினைக்கிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி முதலில் விசாரிப்பது என்னைப் போன்ற கடைக்காரனிடம்தான். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வருவார்கள். தேவையில்லாத ஒரு சாமானை வாங்குவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த வீட்டுப் பையன் எப்படி என்பார்கள்.

நல்ல வார்த்தைதான் சொல்வோம். கல்யாணப் பேச்சில் குறுக்கே விழுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையாத பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பெற்றவர்கள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை இது. இங்கே வளர்ந்தவன் வாயில் தானாக வரும். எங்கள் ஊரின் நல்ல குணம் என்று நான் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். வருடத்தில் பாதி வெளிமாநிலம், மழை பிடித்தால் வீடு. அவன் வீட்டில் இருக்கும் மாதங்களில் அவன் அம்மாவுக்குக் கையிலோ முகத்திலோ வீக்கம் இருக்கும். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொல்லி என்னிடம் மஞ்சள் தூள் வாங்குவார். நானும் பார்த்து நடக்கச் சொல்லி அனுப்புவேன். இந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.

அவனுக்கு முதலில் என் மகளைத்தான் பெண் கேட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டேன். ஜாதகத்தை நான் எடுத்துப் பார்க்கவேயில்லை.

அடுத்த வருடம் கெங்கவல்லிப் பக்கமிருந்து ஒரு விவசாயி விசாரிக்க வந்தார். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். சொந்த வண்டி, நல்ல குடும்பம் என்று நான் வழக்கம்போல அடுக்கினேன். மனிதர் நகரவில்லை. கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க பொண்ணா இருந்தா குடுப்பீங்களா?"

இருபது வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தாராளமா குடுப்பேனுங்க," என்றேன்.

ஊர்க் குணம் வேறு, அறம் வேறு என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். குணத்துக்கு ஊரே துணை நிற்கும். ஆனால் அவர் கேட்டது என் ஒருவனை. நான் ஊரின் வாயால் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பிஸ்கட் பாக்கெட்டை மேசையிலேயே மறந்துவிட்டிருந்தார்.

கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் சாப்பிட்டேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

போன ஐப்பசியில், ரிக் வண்டி ஊர் திரும்பியிருந்த சமயம், அந்த விவசாயியின் பெண் கடைக்கு வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மஞ்சள் தூள் கேட்டாள். பார்த்து நடக்கச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். ஒரே வருடத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு அவளிடம் ஒட்டியிருந்தது.

"மொதல்ல உங்க பொண்ணைத்தான் கேட்டாங்கன்னு அத்தை சொன்னாங்க. ஜாதகம் பொருந்தலைன்னீங்களாம். நெசமுங்களா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை வருடப் பழக்கம். அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"இல்லீங்க சாமி. அவனைப் பத்தி எனக்கு அப்பவே தெரியும்."

அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. இடது கையால் செல்போனை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, என்னிடம் நீட்டினாள்.

"எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, கடைக்காரரே நல்ல பையன்னு சொன்னாரு, கொஞ்சம் பொறுத்துப் போ தாயின்னுதான் சொல்றாரு."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். மறுமுனையில் "யாரு?" என்றது அதே குரல். எண்ணெய் வாங்க நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இருவரும் எங்கள் தெருக்காரர்கள்.

"மளிகைக் கடைக்காரன் பேசறனுங்க. எம் பொண்ணா இருந்தா குடுப்பேனான்னு அன்னைக்குக் கேட்டீங்களே. அதுக்கு முன்னாடியே எம் பொண்ணைக் கேட்டாங்க. நான் குடுக்கலீங்க."