தாஷ்கண்டில் ஒரு பட்டுத் தந்தி

தி.நகர் ஜவுளிக்கடையில் இருபத்தெட்டு வருடமாகப் பட்டுச்சேலை விற்றுவரும் தணிகாசலத்தைப் போலிப் பட்டைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது. 1996இல் மகள் கோமளாவைப் பார்க்க தாஷ்கண்ட் போனவர், ஊருக்குக் கொண்டுபோக ஒரு தோத்தார் வாங்கக் கிளம்பினார். நீண்ட கழுத்தும் இரண்டே தந்தியும் கொண்ட நாட்டுப்புற வாத்தியம் அது.

வாத்தியக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, "தந்தி பட்டு நூலாம் நைனா," என்றாள் கோமளா.

"இன்னா கதை உடறாரு! பட்டு எங்கனா பாடுமா?"

பழக்கதோஷம். தந்தியின் நுனியில் மிஞ்சித் தொங்கிய நூலைக் கிள்ளியெடுத்துத் தீக்குச்சி கிழித்தார். கடைக்காரர் பதறி எழுந்தார். தணிகாசலமோ கண்ணை மூடி மோந்து பார்த்தார். முடி கருகும் அதே வாடை. சாம்பல் விரலில் மாவாக உதிர்ந்தது. அசல் பட்டு!

கோமளா விஷயத்தை விளக்கியதும் கடைக்காரர் சிரித்துவிட்டு, தோத்தாரை மடியில் வைத்து மீட்டினார். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அடிக்குரலில் பாடுவதுபோல் இருந்தது. தணிகாசலம் மகள் பக்கம் திரும்பினார்.

"கோமு, இத்தினி வருசமா பட்டோட வாயப் பொத்தி, மடிச்சு மடிச்சு அட்டப்பொட்டில போட்டுக்கினு இருந்தேனே!"