ஒரு வாரம் பழைய சண்டை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், என் அண்ணன் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மல்யுத்த வீடியோ போட்டுவிடுவான். பளபளக்கும் ஜட்டி போட்ட இரண்டு தடியர்கள் ஒருவரையொருவர் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். கீழே "அது ஒரு பொற்காலம்" என்று எழுதியிருப்பான். உடனே இருபது பேர் கும்பிடு போடுவார்கள். எல்லாம் ஐம்பதைத் தொட்ட ஆட்கள். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர்கள். இந்த வீடியோவைப் பார்த்ததும் அவர்களுக்குத் தோள் தினவெடுக்கிறதாம்.

பொற்காலம்! அது என்ன லட்சணத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் இருந்தேன்.

சேலத்துக்கு மேலே மலையில், கரடியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு டிவி, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டில். எங்கள் மலைக்கு அன்று கேபிள் கிடையாது. சேலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அந்த மல்யுத்தம் வரும். ரைட்டரின் மச்சான் அதைக் கேசட்டில் பதிவு செய்து வைப்பார். அடுத்த வாரம் அது பஸ் கண்டக்டரின் பையில் மலையேறி வரும். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ரைட்டர் டெக்கில் போடுவார். சேலத்துக்காரர்கள் பார்த்து, பேசி, மறந்தும் போன சண்டையை எட்டு நாள் கழித்து நாங்கள் நெஞ்சு படபடக்கப் பார்ப்போம்.

கேசட் பழையது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர் மண்டையிலும் அது உறைக்கவில்லை. கண்டக்டர் பையை விட்டு வெளியே வந்த பிறகுதான் சண்டையே தொடங்குகிறது என்று நினைப்பு. டெக்கில் போடுவதற்கு முன்னால் தேங்காய் உடைப்பார்கள். கழுத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மல்யுத்தக்காரன் ஒருவனுக்காகப் பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். அதற்குள் அவன் சேலத்து டிவியில் எழுந்து நாலு பேரை உதைத்துவிட்டிருந்தான்.

பூக்கட்டிப் பார்ப்பதும் நடந்தது. கல்யாணம், கிணறு, நிலம் என்று எதையும் முடிவு செய்ய முடியாவிட்டால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. முடிந்துபோன சண்டையில் யார் ஜெயிப்பார் என்று அம்மனிடம் பூக்கட்டிக் கேட்ட ஊர் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு டிவிப் பெட்டியைத் திட்டுவதானாலும் மரியாதையாகத்தான் திட்ட வரும். எதிராளி முடியைப் பிடித்து இழுத்தால், "ஏனுங்க அம்பயரு, அங்க என்னத்தப் பாக்கறீங்க? கண்ணு தெரியலீங்களா?" என்று கத்துவார்கள். நானும் யோக்கியமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியவள்தான். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மஞ்சள் ஜட்டி போட்ட நீளமுடிக்காரன் ஒருவன் இருந்தான். அப்பாவுக்கு அவன்தான் "நம்மாளு". மாதக்கணக்கில் அவன் யாரிடமும் தோற்கவில்லை. மிளகு காய்ந்ததா என்று பார்க்காத அப்பா, நம்மாளுக்கு முட்டி சரியாகிவிட்டதா என்று ரைட்டரிடம் விசாரிப்பார்.

அந்த வருடம் நான் பன்னிரண்டாவது முடித்திருந்தேன். சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. அப்பா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பத்து நாள் திரிந்தார். அம்மா பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள்.

அதற்கிடையில் அப்பா மிளகு மூட்டையோடு சேலம் மண்டிக்குப் போனார். அண்ணன் அப்போது அந்த மண்டியில்தான் எடைபோடும் வேலையில் இருந்தான். சனிக்கிழமை அங்கேயே தங்கிவிட்டு ஞாயிறு காலை பஸ்ஸில் அப்பா திரும்பி வந்தார். கையில் மிக்சர் பொட்டலம், முகத்தில் என்றுமில்லாத தெளிவு.

"பூவெல்லாம் வேண்டாம் கண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழம நம்மாளு ஜெயிச்சா நீ சேலம் போ. தோத்துட்டா ஊட்லயே இரு. இதுல மாத்தமில்ல."

நான் குதித்தேன். நம்மாளாவது, தோற்பதாவது! அப்பாவுக்கு நேரடியாகச் சம்மதம் சொல்லக் கூச்சம், அதனால்தான் இப்படி விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஊரே அப்படித்தான் நினைத்தது. அந்த வாரமே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தேன்.

ஞாயிறு வந்தது. அண்ணனும் சேலத்திலிருந்து வந்திருந்தான். ரைட்டர் வீட்டில் எனக்காக இரண்டு தேங்காய் உடைத்தார்கள். நம்மாளு முதலில் நன்றாகத்தான் அடித்தான். அம்பயர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது ஒரு மொட்டைத்தலையன் பின்னால் வந்து இரும்பு நாற்காலியால் அவன் முதுகில் போட்டான். நம்மாளு எழவில்லை; அம்பயர் எண்ணினார், ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தது.

அப்பா இடது கையால் நெற்றியில் இரண்டு முறை அடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் வீசினார். "நம்ம கையில என்னங்க இருக்குது" என்று ரைட்டரிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தாங்கவில்லை. சேலம் போச்சே என்பதை விட, சொன்ன சொல்லால் இந்த மனிதர் இப்படித் துடிக்கிறாரே என்றுதான் அழுதேன். களியைப் பிசைந்து கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "போனாப் போகுதுங்கப்பா, சாப்பிடுங்க" என்று கெஞ்சினேன்.

தை மாதம் எனக்குக் கல்யாணம். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளைகளின் அம்மாவாகத்தான் போயிருக்கிறேன். இப்போது டவுனில் டூரிஸ்டுகளுக்கு மூன்று அறை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர்கள் சிந்திவிட்டுப் போவதைப் பெருக்குகிறேன். அப்பா என்னோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை வருடமும் என் வெறுப்பெல்லாம் அந்த மொட்டைத்தலையன் மேலும் அந்தப் பொய்ச்சண்டையை எழுதிக்கொடுத்த எவனோ ஒருவன் மேலும்தான்.

போன மாதம் அண்ணன் சேலத்திலிருந்து வந்திருந்தான். மதியம் சாப்பிட்டதும் அப்பாவும் அவனும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நான் அறைகளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இங்க வா! உன்ற மேட்சு கெடச்சிருச்சு" என்று அண்ணன் கூப்பிட்டான்.

போய் நின்றேன். மங்கலாக இருந்தாலும் எல்லாம் அப்படியே இருந்தது. மஞ்சள் ஜட்டி, மொட்டைத்தலை, நாற்காலி. நாற்காலி முதுகில் விழுந்ததும் அப்பாவின் இடது கை மேலே எழுந்து நெற்றியில் இரண்டு முறை அடித்தது.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அன்னிக்கும் இதே மாதிரிதான அடிச்சுக்கிட்டீங்க! நொம்ப நல்லா நடிச்சீங்கப்பா."

"நடிச்சாரா?" என்றேன்.

"பின்ன? மண்டி மொதலாளி ஊட்ல நானும் அப்பாவும் ஒண்ணா ஒக்காந்து இதப் பாத்தோம். நம்மாளு தோத்தத பாத்துப்போட்டுத்தான் அப்பா மலை ஏறுனாரு. யாருகிட்டயும் சொல்லாதடான்னாரு. பழைய கததான பாப்பா, இப்பச் சொன்னா என்ன?"

விரிப்பு இன்னும் என் கையிலேயே இருந்தது. முப்பது வருடமாக நான் வெறுத்தது தப்பான ஆட்களை. அந்தத் தடியர்களாவது கூலிக்கு நடித்தார்கள்.

"ஏனுங்கப்பா, நெசமாங்களா?"

அப்பா போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "உன்னய அனுப்ப மனசு வரல கண்ணு. முடியாதுன்னு நேரா சொன்னா நீ அழுவ. அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

ஒரு வார்த்தை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெம்பில்லாத மனிதருக்கு, ஊரைக் கூட்டித் தேங்காய் உடைக்கவிட்டு, துண்டை வீசி, குரலை உடைத்துக்கொண்டு, பட்டினி கிடந்து காட்டத் தெம்பு இருந்திருக்கிறது. இவ்வளவு அருவருப்பு எனக்கு யார் மேலும் வந்ததில்லை.

"அப்பவும் நான் அழத்தானுங்கப்பா செஞ்சேன். உங்களுக்காக அழுதேன்."

அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் வாய் எதற்கோ திறந்தது. அதற்குள் போனில் அடுத்த சண்டை தானாகத் தொடங்கியது. அவர் கண் அங்கே போனது.