கீழவரிசையின் நீலச் சீட்டு

என்னைப் போல ஒரு மடையன் ஆண்டிமடம் வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டான். நாலு எழுத்துப் படித்தவன் என்று எங்கள் தெருவே என்னை நம்பியது. நம்பியவர்களுக்கு நான் செய்து வைத்த காரியத்தை இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்து ஆறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது என் அக்கா வார்டு மெம்பருக்கு நின்றாள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கைத்தோல் உரிந்தவளுக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாது. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும், அவ்வளவுதான். ஊர்த் தொட்டியிலிருந்து மற்ற தெருக்களுக்கெல்லாம் குழாய் போயிருந்தது. எங்கள் தெருப் பெண்கள் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பண்ணைக்காரரின் மோட்டார் கொட்டகைக்குப் போவார்கள். அவர் மனசு வைத்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வரப்பில் நிற்க வேண்டியதுதான். ஒருநாள் அவர் அக்காவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, "ஒழுங்கா நிக்கத் தெரியாது? ஆடு மாடா நீங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா முடிவு செய்துவிட்டாள். "பஞ்சாயத்துல நம்ம ஆளு ஒண்ணு ஒக்காந்தாத்தான்டா தண்ணி வரும்" என்றாள்.

எங்கள் தெருவில் மேலவரிசை, கீழவரிசை என்று எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். போன தேர்தல் வரை இரண்டும் ஒரே வார்டு. சிதறாமல் ஓட்டுப் போட்டால் எங்களை எவனும் அசைக்க முடியாது. அக்காவுக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. அரியலூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் லீவு போட்டுவிட்டு வந்து, மாதிரிச் சீட்டு வரைந்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது.

"பேரத் தேடாதீங்க பெரியம்மா. மெம்பர் சீட்டுல பூட்டு சாவி எங்க இருக்கோ அங்க குத்துங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. தலைவர் சீட்டில் அவரவர் இஷ்டம் என்றேன். கீழவரிசைப் பெரியம்மா ஒருத்தி பத்துத் தடவை குத்திப் பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டாள்.

அடுத்த வார்டில் அந்தப் பண்ணைக்காரரே நின்றார். எங்கள் தெருப்பக்கம் ஓட்டுக் கேட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் போகும்போது அவர் தெருச் சுவரில் பூட்டு சாவி வரைந்திருப்பதைப் பார்த்து, அடேயப்பா, அக்காவுக்கு அங்கேயும் ஆள் இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். சொன்னேனே, மடையன்.

ஓட்டுப்பதிவு அன்று எங்கள் ஆட்கள் காலையிலேயே வரிசையில் நின்று குத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். பத்து மணி வாக்கில் அந்தப் பெரியம்மா பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்தாள். "மேலவரிசைக்காரிக்கு வெள்ளச் சீட்டு குடுத்தாங்க, எனக்கு நீலம் குடுத்தாங்கப்பா. ஆனா பூட்டு அதுலயும் இருந்துச்சு. நச்சுன்னு குத்திட்டேன்."

ஓடிப்போய்ப் பூத் கதவோரம் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலை முழுதாகப் படித்தேன். தேர்தலுக்கு முன்னால் மேலவரிசையில் இருக்கும் எங்கள் வீடு வந்த முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன், பாவி. எங்கள் தெருவின் நடுவிலேயே கோடு போட்டிருந்தார்கள். கீழவரிசை முழுவதும் அடுத்த வார்டில் இருந்தது. இரண்டு வார்டுக்கும் ஒரே பூத் என்பதால் மெம்பர் சீட்டு இரண்டு நிறம். வார்டுக்கு வார்டு சின்னம் தனித்தனியாகக் கொடுப்பார்கள்; நீலச் சீட்டில் பூட்டு சாவி பண்ணைக்காரரின் சின்னம்.

பஞ்சாயத்து கிளார்க்கிடம் கத்தினேன். "வார்டு பிரிச்சு நோட்டீஸ் ஒட்டுனமே தம்பி. ஆட்சேபணை சொல்ல நாளும் குடுத்தோம். யாரும் வரலியே" என்றார், குரலே மாறாமல். நோட்டீஸ் ஒட்டிய ஆபீஸ் இருப்பது பண்ணைக்காரர் தெருவில். எங்கள் ஆட்கள் கூப்பிடாமல் அங்கே கால் வைக்க மாட்டார்கள். அது கோடு போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

மேலவரிசை ஓட்டு மட்டும் போதாமல் அக்கா தோற்றாள். பண்ணைக்காரர் ஜெயித்தார். அவரை எதிர்த்து நின்றவர் அவர் பங்காளிதான், அவர்கள் தெரு ஓட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. கீழவரிசை மொத்தமும் இவருக்குக் குத்தியதால் இவர் வந்தார். எங்களில் ஒருவர் ஓட்டும் பறிபோகவில்லை, செல்லாமலும் போகவில்லை. எல்லாரும் போட்டோம், எல்லாம் எண்ணப்பட்டது. பிறகு யாரிடம் போய் அநியாயம் என்று சொல்வது?

நடந்ததைத் தெருவில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "வாயத் தொறக்காத. அதுங்க ஓட்டுதான் அவன ஜெயிக்க வச்சுதுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவ ஒண்ணுகூட பூத்துப் பக்கம் வராது." நான் அழுதேன். அவள் அழவில்லை.

மறுவாரம் அக்காவோடு நானும் குடம் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். புது மெம்பர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றார்கள். வரப்பில் நின்றோம். கீழவரிசைப் பெரியம்மா என் பக்கத்தில் வந்து, "ஏம்ப்பா, நீ சொன்ன மாதிரியே கீழவரிசை மொத்தமும் பூட்டுலதான குத்துனோம்? ஒண்ணுகூடத் தப்பலியே. அப்பறம் எப்படிப்பா தோத்தோம்?" என்று கேட்டாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.